செம்மறி ரத்தமும் பட்டினச்சேரி மாப்பிள்ளையும்

நான் ஓய்வுபெற்ற பிறகும் எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துப் பிள்ளைகள் அவ்வப்போது போன் செய்வார்கள். போன மாதம் ஒருத்தி கூப்பிட்டாள். "மேடம், மெஷினு சிவப்பு லைட்டு போட்டுடுச்சு. வெள்ளையணு வித்தியாசமா இருக்கு, மைக்ராஸ்கோப்புல பாருங்கன்னு சொல்லுது. பாத்தேன். ஒண்ணும் புரியல. மெஷினே இல்லாம நீங்கல்லாம் எப்படி மேடம் வேலை பாத்தீங்க?"

"பயந்துகிட்டேதான்" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் உண்மையைத்தான் சொன்னேன். அந்தப் பயத்தைப் பற்றி எழுதுங்கள் என்று அவள்தான் கேட்டாள். அதனால் பட்டினச்சேரி மாப்பிள்ளையின் கதையை எழுதுகிறேன்.

என் வீடு தருமபுரத்தில். அப்பா விவசாயி. பாண்டிச்சேரியில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து, காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். விரலில் குத்தவும், கண்ணாடித் துண்டில் ரத்தத்தை இழுக்கவும், சாயம் ஊற்றவும், கழுவவும் கற்றுக்கொண்டதில் முதல் சில வருடங்கள் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை, குத்து வாங்கியவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் கூடத்துக்குத் தலைவர் டாக்டர் தெய்வநாயகம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மகனுக்கு அதில் மிச்சம், 'இதோ' என்று பொருள்படும் ஒரே ஒரு பிரெஞ்சுச் சொல். எதையாவது கண்டுபிடித்தால் "வொலா!" என்பார். புதிதாக வந்தவர்கள் வாளியைக் கேட்கிறார் என்று நினைத்து எடுத்துவந்து கொடுத்திருக்கிறார்கள்.

அவரிடம் ஒரு விசித்திரம் உண்டு. எங்களையெல்லாம் நீ, வா, போ என்றுதான் பேசுவார். ஆனால் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துவிட்டால் மரியாதை பொங்கிவரும். "வாங்க, வாங்க. நீங்க யாரு, பழைய ஆளா? கொஞ்சம் தள்ளி உக்காருங்க, பின்னாடி இருக்கவர பாக்கணும்" என்று அணுக்களோடு பேசுவார். வெளியே காத்திருக்கும் நோயாளிகள், உள்ளே யாரோ பெரிய மனிதர்கள் வந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

அவர் எங்களுக்குப் போட்ட சட்டம் ஒன்றுதான். நோயின் பெயரைச் சொல்லக் கூடாது. பார்த்ததைச் சொல்ல வேண்டும். "டாக்டர், இது கேன்சர் மாதிரி இருக்கு" என்று யாராவது சொன்னால் தொலைந்தார்கள். "மாதிரின்னா என்ன மாதிரி? அளவு என்ன, உருவம் என்ன, ஓரம் எப்படி இருக்கு? ஆளப் பாக்குறதுக்கு முன்னாடி பேர் வைக்காத" என்பார்.

சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் கிராமங்களில் ஃபைபர் படகுகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்த காலம். ஒரு பங்குனி மாதக் காலை, பட்டினச்சேரியிலிருந்து அஞ்சலை என்ற அம்மாள் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகன் பெயர் மணிமாறன். நல்ல உயரம், வலை இழுத்து உரமேறிய தோள். ஆனால் கழுத்தின் இரண்டு பக்கமும் நெறி கட்டி, கன்னத்துக்கும் கழுத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. உடம்பு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. கையில் ஒரு கொத்து வேப்பிலை.

"அம்மா எறங்கியிருக்கா. மருந்தே குடுக்கக் கூடாதுன்னாங்க. மாப்ள வீட்டுக்காரவங்க நாங்க, சித்திரையில கல்யாணம். அதான் கூட்டியாந்தேன்" என்றார் அஞ்சலை.

நடந்தது இதுதான். பையனுக்கு ஒரு வாரத்துக்கும் மேலாகக் காய்ச்சல். எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலி. ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருந்ததைப் பார்த்து அந்த டாக்டர் ஆம்பிசிலின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பார்கள். மாத்திரை சாப்பிட்ட சில நாளில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது. தெருவில் அம்மை என்று தீர்ப்புச் சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, மீன் குழம்பை நிறுத்திவிட்டார்கள். பட்டினச்சேரியில் பிறந்தவனுக்கு நோயைவிட அதுதான் பெரிய தண்டனை.

நான் விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். ஸ்லைடில் இழுத்துக் காயவைத்துச் சாயம் ஊற்றினேன். எண்ணெய்த் துளி வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

கண்ணை எடுத்து, லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

வழக்கமாக லிம்போசைட் என்ற வெள்ளையணு சின்னதாக, உருண்டையாக, சாதுவாக இருக்கும். உள்ளே கரு நிறைந்து, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு மட்டும் தெரியும். இங்கே அவை இரண்டு மடங்கு ஊதி இருந்தன. உடம்பு அகன்று, தோசை மாவு ஊற்றியதுபோல் பரவி, பக்கத்திலிருந்த சிவப்பணுக்களைச் சுற்றி வளைத்துக் கிடந்தது. ஓரமெல்லாம் அடர்நீலம். எண்ணிக்கையும் மிக அதிகம்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் ரத்தத்தில் இப்படிப் பெரிய அணுக்களைப் பார்த்திருந்தேன். ரத்தப் புற்றுநோய். பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை. அவளுடைய அப்பா எங்கள் வாசலில் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

வெளியே வந்தேன். அஞ்சலை எழுந்து நின்றார். "என்னாச்சுக்கா? அம்மைதான?"

"டாக்டர் பாக்கணும்மா" என்றேன். என் முகம் வேறெதையோ சொல்லியிருக்க வேண்டும். அவர் மெதுவாக உட்கார்ந்து, மகன் கையிலிருந்த வேப்பிலையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்ததும் சட்டத்தை மறந்து, "டாக்டர், மறுபடியும் அதுதான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நாற்காலியே ஒதுங்கியிருக்கும். "எது? பாத்தத சொல்லு."

சொன்னேன். பெரியது, நீலம், பரவியிருக்கிறது, நிறைய இருக்கிறது.

"எல்லாம் ஒண்ணுபோல இருக்கா?"

அதை நான் கவனிக்கவில்லை. திரும்ப உட்கார்ந்து ஸ்லைடை மெல்ல நகர்த்திப் பார்த்தேன். ஒன்றின் கரு அவரைக்கொட்டை போல, இன்னொன்றில் மடிப்பு விழுந்து, வேறொன்றில் வட்டமாக. ஒன்று வெளுத்திருந்தது, ஒன்று கருத்திருந்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை.

"ஆளுக்கு ஒரு விதமா இருக்கு டாக்டர்."

அவர் என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். "வணக்கம் வணக்கம். அடேயப்பா, எத்தன பேரு! நீங்க எந்த ஊரு? நீங்க?" அப்படியே வெகுநேரம் விசாரித்தார். பிறகு "வொலா!" என்றார்.

"இங்க பாரு வசந்தா. புத்துநோய்னா ஒரே அணு பைத்தியம் புடிச்சுத் தன்னையே நகல் எடுத்துகிட்டே போகும். எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். இது கல்யாண வீட்டுக் கூட்டம். நெட்ட, குட்ட, கறுப்பு, செவப்பு எல்லாம் கலந்து வந்திருக்கு. இவங்க நோய் இல்ல. நோயப் புடிக்க வந்த போலீசு."

"அப்ப திருடன் எங்க டாக்டர்?"

"திருடன் போலீஸ் ஸ்டேஷன்லயே புகுந்துட்டான். அதான் இவ்ளோ கலாட்டா." அவர் குரலில் அந்தக் கிருமியின்மேல் ஒரு மதிப்பே தெரிந்தது. "ஒரு வைரசு. எச்சில் வழியா தொண்டைக்குள்ள வரும். கிருமிக்கு எதிரா ஆயுதம் செய்யிற பி அணுவுக்குள்ளயே போய் உக்காந்துக்கும். ஆயுதத் தொழிற்சாலையே அவன் கையில. அத அடக்க டி அணுக்கள் படையெடுத்து வருது. நீ பாத்து பயந்த பெரிய ஆளுங்க அவங்கதான். பையனுக்கு நெறி கட்டுனது, சோர்வு, மண்ணீரல் வீக்கம் எல்லாம் கிருமி பண்ணதுல பாதி, போலீசு லத்தி சுத்துனதுல பாதி."

"உடம்பு தடிச்சிருக்கே டாக்டர்?"

"இந்தக் காய்ச்சல்ல ஆம்பிசிலின் குடுத்தா அப்படித்தான் ஆகும். அம்மை இல்ல. மீன் சாப்பிடச் சொல்லு."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே ஓடிப்போய் அஞ்சலையிடம் சொல்லப் போனேன். டாக்டர் பிடித்துக்கொண்டார். "உறுதி பண்ணாம சொல்லாத. எனக்குக் கொஞ்சம் ஆட்டு ரத்தம் வேணும்."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இல்லை. திருடன் கைக்குப் போன தொழிற்சாலை கண்டதற்கெல்லாம் ஆயுதம் செய்து தள்ளுமாம். அதில் ஒரு வகை, சம்பந்தமே இல்லாமல், செம்மறி ஆட்டின் சிவப்பணுக்களைப் பிடித்து ஒட்டவைத்துவிடும். "இவன் ஆயுசுல செம்மறியோட சண்ட போட்டிருக்க மாட்டான். ஆனா இவன் ரத்தத்துல செம்மறிக்கு எதிரா ஆயுதம் இருக்கும். அதான் பரிசோதன." இதற்கென்று விற்கும் கிட் எங்களிடம் இல்லை, பாண்டிச்சேரிக்கு மாதிரி அனுப்பினால் பதில் வரத் தாமதமாகும். முழு முறைக்கு கினிப்பன்றியின் சிறுநீரகமும் வேண்டும் என்று ஒரு புத்தகத்தைக் காட்டினார். நல்லவேளை, அதைத் தேடி என்னை அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அன்றே விருப்ப ஓய்வு வாங்கியிருப்பேன்.

"செம்மறிதான். வெள்ளாடு கூடாது" என்று மட்டும் சொல்லி, ரத்தம் உறையாமலிருக்க மருந்து ஊற்றிய பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

கடைத்தெருவில் மாணிக்கம் என்பவரின் கறிக்கடை. நல்ல கூட்டம். நான் கூட்டத்துக்கு மேலே குரல் கொடுத்தேன்.

"அண்ணே, செம்மறி ஆட்டு ரத்தம் கொஞ்சம் வேணும்."

வெட்டிக்கொண்டிருந்த கத்தி அந்தரத்தில் நின்றது.

"செம்மறியா? நம்ம கடையிலயா? ஏம்மா, பொழப்புல மண்ண அள்ளிப் போட வந்தியா? வெள்ளாட்டத் தவிர எதையும் இந்தக் கொக்கியில மாட்டுனதில்ல."

"கறி வேண்டாண்ணே. ரத்தம்தான். ஆனா செம்மறியாத்தான் இருக்கணும்."

"வெள்ளாட்டு ரத்தம் தர்றேன். பொரியல் பண்ணுனா பூ மாதிரி இருக்கும்."

"பொரியலுக்கு இல்லண்ணே. ஆஸ்பத்திரிக்கு."

ஆஸ்பத்திரி என்றதும் மாணிக்கத்தின் முகம் வெளிறியது. சுகாதார ஆய்வுக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். அதற்குள் பை பிடித்து நின்ற ஒரு பெரியவர், "ஏம்ப்பா, இந்தம்மா இவ்ளோ உறுதியா வந்து கேக்குதுன்னா, போன வாரம் எனக்குக் குடுத்தது என்ன கறி?" என்று கேட்டார். எல்லாரும் தங்கள் பைக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அக்கா, வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்து ஒரு டீ சாப்டுங்க" என்று மாணிக்கம் என்னை அவசரமாகப் பின்பக்கம் அழைத்துப் போனார். அறுவடை முடிந்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட ராமநாதபுரத்துக்காரர்கள் ஆடு ஓட்டி வரும் மாதம் அது. பின்கட்டில் கட்டியிருந்த ஆடுகளுக்கெல்லாம் வால் கீழே தொங்கியது. வெள்ளாட்டுக்கு வால் நிமிர்ந்திருக்கும் என்பது விவசாயி மகளுக்குத் தெரியாதா?

நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரு பையனின் உயிர்ச் சமாச்சாரம் என்றதும் மாணிக்கம் மனம் இளகியது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எவ்ளோ வேணுமோ புடிச்சிக்குங்க."

"செம்மறிதானே? பரிசோதனை தப்பாப் போயிடும்ணே."

அவர் நெஞ்சில் கை வைத்தார். "சத்தியமா சொல்றேங்க்கா, பூரா செம்மறி. வெள்ளாடு கலப்படமே கெடையாது."

அந்த ரத்தத்தை உப்புத் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவிச் சிவப்பணுக்களை மட்டும் பிரித்தேன். மணிமாறனின் ரத்தத்திலிருந்து தெளிந்த சீரத்தை எடுத்து, இளஞ்சூட்டில் வைத்து, படிப்படியாக நீர்க்கச் செய்து வரிசையாகக் குழாய்களில் ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் செம்மறியின் அணுக்களைச் சேர்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் இன்னொரு வரிசையில் என்னுடைய சீரம். பையனை வார்டில் சேர்த்தார்கள். பிறகு விடியும்வரை காத்திருப்பதுதான் வேலை.

என் குழாய்களைத் தட்டினால் சிவப்பு புகைபோலக் கலைந்து எழுந்தது. மணிமாறனின் குழாய்களில் அணுக்கள் கட்டியாக ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தட்டியும் கலையவில்லை. கடைசிக் குழாய்வரை அப்படித்தான்.

"வொலா!" என்றார் டாக்டர். "இப்ப போய் சொல்லு." எதற்கும் இருக்கட்டும் என்று பாண்டிச்சேரிக்கும் ஒரு மாதிரி அனுப்பினார். பின்னால் அங்கிருந்து வந்த பதிலும் அதையே சொன்னது.

வார்டில் போய் அஞ்சலையிடம் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லை நான் அவரிடம் சொன்னதேயில்லை. ஆனாலும் அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நேத்து ஒங்க மூஞ்சியப் பாத்தேன்க்கா. அதுலேருந்து தூங்கல" என்றார்.

கதை இத்தோடு முடிந்திருக்க வேண்டும். எங்கள் பயிற்சி டாக்டர் ஒருவர் கெடுத்தார். புத்தகத்தில் மட்டுமே படித்த நோயை நேரில் பார்த்த மகிழ்ச்சியில், கட்டிலருகே நின்று, "ஓ, முத்தக் காய்ச்சல்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். எச்சிலால் பரவுவதால் வெள்ளைக்காரர்கள் வைத்த பட்டப்பெயர் அது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்தவர் பட்டினச்சேரியை ஒட்டிய திருமலைராயன்பட்டினத்து மீன்காரம்மா. அவர் ஏறிய பஸ் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் காலை டாக்டர் தெய்வநாயகமும் நானும் வார்டில் இருந்தபோது மணப்பெண்ணின் அப்பா கலியபெருமாள் வந்தார். கூடவே மகள் தேன்மொழி. பின்னால் ஊர்க்காரர்கள் சிலர். மணிமாறன் தலையணையைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டாக்டரய்யா, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இவன் முத்தம் குடுத்த பொம்பள யாரு?" வார்டே காதைத் தீட்டிக்கொண்டது. மற்ற நோயாளிகளும் அதைத் தெரிந்துகொள்ள ஆவலாகத்தான் இருந்தார்கள்.

"அப்பா, அவரு அந்த மாதிரி ஆளு இல்லப்பா" என்றாள் தேன்மொழி. "கையப் புடிக்கறதுக்கே அப்படி நடுங்குவாரு."

கலியபெருமாள் மெதுவாகத் திரும்பினார். "கையப் புடிச்சானா?"

அஞ்சலை நடுவில் பாய்ந்தார். "அண்ணே, வார்த்தைய அளந்து பேசுங்க! தவமிருந்து பெத்த ஒத்தப் புள்ள. பொறந்ததுலேருந்து யாரையும் முத்தம் குடுக்க விட்டதில்ல. அவனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளரு. பால்வாடியிலகூட வீட்டுச் சொம்புதான். எவ எச்சியும் படாம வளத்த புள்ள அவன்!"

டாக்டர் தெய்வநாயகத்தின் முகம் மலர்ந்தது.

"அதாம்மா காரணம்" என்றார்.

டாக்டர் வார்டுக்கே பாடம் எடுத்தார். நம் ஊரில் எல்லாரும் சின்ன வயதிலேயே இந்தக் கிருமியை வாங்கிவிடுவோம். அத்தை கொஞ்சுவாள், சித்தி கடித்த மிட்டாயைத் தருவாள். குழந்தைக்கு வந்தால் சாதாரணச் சளிபோல வந்து போய்விடும். எதிர்ப்புச் சக்தி தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்ளும். அப்போது தப்பித்தவனுக்குத் தோள் முறுக்கேறிய வயதில் வந்தால், உடம்பின் படையும் அதே முறுக்கோடு கிளம்பும். அதனால்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

"சரிங்கய்யா. சின்ன வயசுல வரல. இப்ப எப்படி வந்துச்சு? யாரு குடுத்தா?" கலியபெருமாள் விடுவதாக இல்லை.

"ஒரு முறை வந்தவங்க எச்சில்ல அப்பப்ப அந்தக் கிருமி வரும். அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. ஒருத்தர் வாய் வச்சத இன்னொருத்தர் குடிச்சா போதும். தம்பி, நீ யார் வாய் வச்சதயாவது குடிச்சியா?"

மணிமாறன் சுவரைப் பார்த்தபடியே கரகரத்த குரலில் ஏதோ சொன்னான்.

"சத்தமா சொல்லு தம்பி."

"மாமாதான்" என்றான்.

தையில் நிச்சயமானதும் கலியபெருமாள் மாப்பிள்ளையைத் தன் படகிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறார். படகில் ஒரே கேன், ஒரே டம்ளர். இவன் அம்மா பழக்கியபடி அண்ணாந்து குடித்திருக்கிறான். படகுக்காரர்கள் கேலி செய்திருக்கிறார்கள். கலியபெருமாளுக்கு ரோஷம். "அண்ணாந்து குடிக்க நீ என்ன அசலூரானா? என் மருமவன் நான் குடிச்ச டம்ளர்ல வாய் வச்சுத்தான் குடிக்கணும்" என்று பாதி குடித்த டம்ளரை நீட்டியிருக்கிறார். அன்றிலிருந்து தினமும்.

டாக்டர் மனதுக்குள் கணக்குப் போட்டார். "கிருமி உள்ள போயி காய்ச்சல் வர ஒரு மாசம், ஒன்றர மாசம் ஆவும். சரியாத்தான் இருக்கு. இவருதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா..."

வார்டில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பெற்ற மகளே சுவரோரமாகத் திரும்பி நின்று குலுங்கினாள். கலியபெருமாள் மீசையைத் தடவிக்கொண்டார். "அப்ப நாந்தானா அந்தப் பொம்பள?" என்றார். அதன் பிறகு சிரிப்பை அடக்க எங்கள் தலைமை நர்ஸாலும் முடியவில்லை.

அஞ்சலைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்த்ததுதான் தப்பா என்று என்னிடம் கேட்டார். "தப்பு இல்லம்மா, கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு, அவ்ளோதான்" என்றேன்.

மண்ணீரல் வீங்கி விலாவுக்குக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடிபட்டால் கிழிந்துவிடும். வீக்கம் வடியும்வரை கடலுக்குப் போகக் கூடாது, வலை இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளினார்கள். இந்தக் காய்ச்சலுக்கென்று தனி மருந்து இல்லை, உடம்பேதான் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவர்களால் நம்பவே முடியவில்லை. அதனால் ஒரு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால் மணிமாறன் திரும்ப வந்தான். கழுத்து பழைய கழுத்தாகிவிட்டது. ரத்தம் எடுத்தேன். லிம்போசைட்டுகள் மறுபடி சின்னதாக, உருண்டையாக, சாதுவாகக் கிடந்தன. டாக்டர் பார்த்தார். "நல்லது. எல்லாரும் போய்ட்டு வாங்க. சில பேரு மட்டும் இருந்து பாத்துக்குங்க" என்று அணுக்களுக்கு விடைகொடுத்தார்.

"கிருமி போயிடுச்சா டாக்டர்?" என்று கேட்டான் மணிமாறன்.

"போகாது தம்பி. சாகறவரைக்கும் உன் அணுக்குள்ளயே படுத்திருக்கும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "அப்ப கல்யாணம்?"

"தாராளமா பண்ணு. அந்தக் கிருமி இனிமே மாமனாரு மாதிரி. ஒரு தடவ உள்ள வந்துட்டா வெளிய அனுப்ப முடியாது. நீ உன் உடம்ப ஒழுங்கா வச்சுக்கிட்டா அவரு பாட்டுக்கு ஒரு மூலையில இருப்பாரு."

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கலியபெருமாள் உள்ளே தலையை நீட்டினார்.

"கூப்ட்டீங்களாய்யா?" என்றார்.